யாரோ வந்திருக்காங்க

விரல் உடைந்த கையால் கையெழுத்துப் போட முடியாது என்பது இன்ஸ்பெக்டருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனின் வலது கையில் பேனாவைத் திரும்பத் திரும்பத் திணித்தார். அவன் வீறிட்டான். பேனா உருண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு நான் நல்லவனில்லை. காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"விடுங்க சார், ரேகை உருட்டிக்கலாம்" என்றார் கான்ஸ்டபிள்.

"முதல்ல இதுல கட்டைவிரல் எதுன்னு கண்டுபிடிங்க" என்றேன் நான். அந்தக் கை அப்படி வீங்கியிருந்தது.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி துப்பறிவாளர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டது ஒன்றைத் தவிர வாழ்க்கையில் தப்பான முடிவே எடுத்ததில்லை என்று அவரே சொல்வார். எங்கள் நிறுவனத்தில் மூளை அவருடையது, முதுகு என்னுடையது. அடி விழுகிற இடங்களுக்கு என்னை முன்னால் அனுப்புவதும், அடி விழுந்து முடிந்ததும் பின்னால் வருவதும் அவர் வழக்கம்.

கட்டிலில் கிடந்தவன் மீது கொலைப் பழி. செத்தது அவன் அக்காவின் புருஷன். அந்த அக்காதான் எங்களைக் கூப்பிட்டவள். புருஷனைப் புதைத்த கையோடு தம்பியின் உடையாத கையைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள இவன் ஒத்துக்கிட்டான்னு பேப்பர் போயிடும் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னும் ரெண்டு விலா எலும்பு பாக்கி இருக்கு. அவனே சொல்லிடுவான்."

"அவன் சொல்றதை நான் ஒரு தடவை கேட்டுக்கறேன்" என்றார் அண்ணி.

தம்பி கிழிந்த உதட்டோடு சொன்னான். தினமும் மதியம் மாமாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோவது அவன் வேலை. கொலைக்கு முந்தின நாள் ஆபீஸ் வாசலில் இருவருக்கும் பெரிய சண்டை. அக்காவைத் தனியே விட்டுவிட்டு இரவும் பகலும் ஆபீஸே கதியென்று கிடக்கிறாரே என்று இவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். 'கொன்னுடுவேன்' என்றும் கத்தியிருக்கிறான். பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

"அன்னிக்கு அவர் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைங்க. டப்பாவை ரூம் வாசல்லயே வச்சிட்டுத் திரும்பினேன். உள்ளேருந்து அக்கா குரல் கேட்டுச்சு. சரி, மாமா வேலையா இருக்கார், ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு எட்டிப் பார்த்தேன். மாமா தலை... தலையே இல்லாத மாதிரி..." அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "மடியில தூக்கி வச்சேங்க. வேற ஒண்ணும் செய்யல."

"கேட்டீங்களா? அக்கா குரலாம்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அதுதான் இவனுக்குத் தூக்குக் கயிறு."

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செத்தவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஆனாலும் ஆபீஸில் அவர் பெயர் கூப்பாடு. தொழில் அப்படி. கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க்கைச் செருகினால் அதை முதலில் அறிவது டிரைவர் என்கிற புரோகிராம். அது மட்டும் அறிந்தால் போதாது. 'புது டிஸ்க் வந்தால் எங்களுக்குச் சொல்' என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிற மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் அது குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கொடுக்கிற பகுதியை எழுதுகிறவர்தான் கூப்பாடு. தான் எழுதியது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு குட்டிப் புரோகிராம் வைத்திருந்தார். டிரைவர் சொன்னதும் அது பெண்டாட்டியின் குரலில் ஸ்பீக்கரில் பேசும்: "ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க!" ஆபீஸே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குமாம்.

"டிஸ்க்கைச் செருகினாத்தான் அந்தக் குரல் வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். "டீ குடிக்கிற இடத்துல நின்ன ஆறு பேரும் குரலைக் கேட்டிருக்காங்க. கேட்ட கையோட இவன் அலறலும் கேட்டிருக்கு. ஓடிப் போனா, ரத்தத்துல இவன். ரூமுக்கு ஒரே வாசல். வாசல்ல இவன். செத்தவன் டிஸ்க் செருக மாட்டான் மேடம். குரல் வந்தப்போ ஒண்ணு அவர் உயிரோட இருந்திருக்கணும், இல்ல கொன்னவன் உள்ள இருந்திருக்கணும். எப்படிப் பார்த்தாலும் இவன்தான்."

எனக்கே சரியாகத்தான் பட்டது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

வராந்தாவில் அந்தப் பெண் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் போயிட்டார்க்கா. இவனையும் விட்டுட்டா எனக்குன்னு யாருமில்ல."

"அழாம ஒண்ணு சொல்லு. கடைசி நாட்கள்ல அவர் அந்தக் குரலைப் பத்தி வீட்ல ஏதாவது பேசினாரா?"

"அவர் எங்கேக்கா பேசுவார். கேலிதான் பண்ணுவார்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ இப்போ சோம்பேறி ஆயிட்டேன்னார். முன்னெல்லாம் கேட்டுல கை வச்சாலே கத்துவே, நான் ஓடிவந்து பார்த்தா ஆள் இன்னும் தெருவுல நிப்பான். இப்போ வந்தவன் செருப்பைக் கழட்டி, உள்ள வந்து, நாற்காலியில உட்கார்ந்தப்புறம்தான் கூப்பிடறே, இதான் மரியாதைன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. சும்மா சிரிச்சு வச்சேன்."

அண்ணி திரும்பி நேராக வார்டுக்குள் போனார்.

"இன்ஸ்பெக்டர், என்கூட அந்த ஆபீஸுக்கு வாங்க. நான் சொல்றது தப்பாப் போச்சுன்னா, இவன் கட்டைவிரலை நானே பிடிச்சு உருட்டித் தர்றேன்."

டிஸ்க் பெட்டிகள் தயாரிக்கிற கம்பெனி அது. இன்ஸ்பெக்டரின் ஜீப் எங்களுக்குப் பின்னால் வந்ததால், வாசலில் விழ வேண்டிய அடியெல்லாம் முறைப்படி எனக்கே விழுந்தது. கீழ்த்தளத்தில் பெட்டி கட்டுகிற ஆட்கள் கூப்பாட்டின் மனைவியை எங்களோடு பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். தம்பியின் விரல்களைச் சரக்குத் தள்ளுவண்டிக்கு அடியில் வைத்து நசுக்கியவர்கள் இவர்கள்தான்.

"கொலைகாரப் பயலுக்கு வக்காலத்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு தடியன் என் மூக்கில் குத்தினான். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இன்னொருவன் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினான். நான் அவன் முழங்கையைக் கடித்தேன். வீரம் இல்லைதான், ஆனால் பல் இருந்தது.

அண்ணியின் கைப்பையில் ஒரு பெரிய இரும்புப் பூட்டு உண்டு. எந்தக் கதவையும் பூட்டுவதற்கு அல்ல. பை ஒரு சுற்றுச் சுற்றித் தடியனின் காதோரம் இறங்கியது. அவன் அட்டைப் பெட்டிகளின் மேல் சரிந்து, அங்கேயே உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டான். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"சீக்கிரமே ஆரம்பிச்சிட்டீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க அண்ணிக்கு நேரம் தவறக் கூடாது சார்" என்றேன், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

மாடியில் கூப்பாட்டின் அறை. தரைக்கு அடியில் வயர்கள் ஓடுவதற்காகப் பலகை போட்ட தரை. நடந்தால் டொம் டொம் என்று சத்தம் வந்தது. சுவர் ஓரம் மெஷின்கள் அடுக்கிய இரும்பு ரேக். அதிலிருந்து உருவிய பட்டையால்தான் அடித்திருந்தார்கள். ரத்தம் ரேக்கின் மேல் தட்டு வரை தெறித்துக் காய்ந்திருந்தது. நாற்காலி முதுகில் முடியோடு ஒட்டிக்கொண்டிருந்ததை நான் ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளை வாசலோடு நிறுத்தியிருக்கலாம் என்று அண்ணி மேல் எனக்குக் கோபம் வந்தது.

முதலாளியும் டெஸ்டரும் வந்தார்கள். கூப்பாடு எழுதுவதைச் சோதித்துப் பார்க்கிற மனிதர்தான் டெஸ்டர். பக்கத்து மேஜை அவருடையது. ஒடிசல் உடம்பு, மெல்லிய பேச்சு. சம்பவத்தின்போது டீ குடித்துக்கொண்டிருந்த ஆறு பேரில் அவரும் ஒருவர்.

அவர் மேஜையில் ஒரு டிஸ்க் உறுமிக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்காது. அதன் வயரைத் தொட்டேன். மனிதர் என் மணிக்கட்டில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"சுத்திக்கிட்டு இருக்கும்போது கை வைக்கக் கூடாது சார்! டிஸ்க் செத்துடும்."

"மன்னிச்சிடுங்க. இந்த ரூம்ல அது வேறயா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் என் மணிக்கட்டையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூப்பாடு கடைசியா எழுதின டிரைவரை நீங்க டெஸ்ட் பண்ணினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. புதுசு ஒண்ணு எழுதறதாச் சொன்னான். என்கிட்ட தரவே இல்ல. கண்ணால கூடப் பார்க்கல."

"டிஸ்க்கைச் செருகினா குரல் எப்போ வரும்?"

"உடனே. கேபிள் தொட்டவுடனே கத்தும்." முதலாளியும் தலையாட்டினார். அது ஆபீஸுக்கே தெரிந்த சங்கதி.

"உங்க நீலக் கோட்டு எங்கே? ரேக்கைத் தொடறவங்க எல்லாரும் போட்டிருக்கீங்களே."

"வெளுக்கப் போட்டிருக்கேன்."

அண்ணி தலையாட்டிவிட்டு என் காதருகே வந்தார். "கொழுந்தனாரே, நான் கொண்டையைத் தொட்டா நீங்க அந்த மேஜைமேல இருக்கிற பெரிய பெட்டியோட வயரைப் பிடிச்சு இழுக்கப் போங்க. மடையன் மாதிரி போகணும்."

"நடிக்கணுமா?"

"வேண்டாம். சாதாரணமாப் போனாப் போதும்."

மேஜைமேல், கொலையன்று செருகப்பட்டிருந்த அதே டிஸ்க் பெட்டி இருந்தது. செங்கல் கனம் இருக்கும் பழைய சாமான். சோதனைக்கென்று எல்லோருக்கும் பொதுவாக அறையிலேயே கிடப்பது. இன்ஸ்பெக்டர் வைத்த முத்திரையை அவரே கிழித்தார். அண்ணி கூப்பாட்டின் மெஷினை இயக்கினார். ஸ்பீக்கரைத் திருகி வைத்தார். பெட்டியின் கேபிளை எடுத்து எல்லோரும் பார்க்கச் செருகினார்.

எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தோம்.

ஒரு சத்தமும் இல்லை.

"கெட்டுப்போச்சு போலிருக்கே" என்றார் முதலாளி.

"வேற ஓட்டையில செருகுங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெட்டிக்குள் என்னவோ முனகியது. அண்ணி கொண்டையைத் தொட்டார். நான் மூக்கில் பஞ்சோடு முன்னால் பாய்ந்து, "குடுங்கண்ணி, நான் பிடுங்கிச் செருகறேன். ரெண்டு தட்டுத் தட்டினா வரும்" என்று கேபிளைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"புடுங்காதீங்க! இன்னும் எழுந்திருக்கல, சுத்த ஆரம்பிச்சிருக்கு. இருங்க, இப்போ கூப்பிடும்!"

டெஸ்டர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை.

"ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க!"

நல்ல குரல். அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வாசலில் நின்ற பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேபிள் தொட்டவுடனே கத்தும்னீங்க" என்றார் அண்ணி. "எழுந்திருக்கணும், அப்புறம்தான் கூப்பிடும்னு இப்போ எப்படித் தெரிஞ்சுது? முதலாளிக்குத் தெரியல. இன்ஸ்பெக்டருக்குத் தெரியல. கண்ணால கூடப் பார்க்காத உங்களுக்கு மட்டும் தெரியுது."

"அது... எல்லா டிஸ்க்கும்..."

"பழைய டிரைவர் ஆள் தெருவுல நிக்கும்போதே கத்தும். மத்த புரோகிராமெல்லாம் ஓடிவந்து பார்த்து ஏமாந்து விழும். அதைத்தான் அவர் திருத்தினார். டிஸ்க் சுத்தி, தயாராகி, உட்கார்ந்தப்புறம்தான் புதுசு சொல்லும். இது கிழட்டுப் பெட்டி, எழுந்திருக்க நேரமாகும். அவரை அடிச்சுப் போட்டுட்டு இதைச் செருகினீங்க. குரல் வர்றதுக்குள்ள டீ கிளாஸோட மத்த அஞ்சு பேர் நடுவுல போய் நின்னாச்சு. எல்லாரும் குரலைக் கேட்டாங்க. நீங்களும் கூடவே நின்னு கேட்டீங்க."

இன்ஸ்பெக்டர் டெஸ்டர் பக்கம் திரும்பினார்.

ஒடிசல் உடம்பு என்று சொன்னேன் அல்லவா, அது என் தப்பு. மனிதர் ரேக்கிலிருந்து இன்னொரு பட்டையை உருவியதை நான் பார்க்கவே இல்லை. என் இடது கையில் அது விழுந்தபோது எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த வீச்சு இன்ஸ்பெக்டரின் நெற்றியைப் பிளந்தது. அவர் துப்பாக்கியைத் தேடிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். முதலாளி மேஜைக்கு அடியில் போய்விட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அங்கே எப்படி நுழைந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்காத மர்மம்.

டெஸ்டர் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். வாசலில் அந்தப் பெண். பட்டையை ஓங்கினார். அவள் நகரவில்லை.

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற பிரிவு என்னுடையது அல்ல. தலையைக் குனிந்து அவர் இடுப்பில் மோதினேன். இருவரும் சேர்ந்து தரையில் விழுந்தோம். அவர் என் உடைந்த கையை முழங்காலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்து ஆட்கள் மாடி ஏறி வந்தார்கள். கட்டைவிரல்கள் என் கழுத்துக்குழியில் இறங்கின. கண் இருட்டியது.

பூட்டு இருந்த பை அவர் தாடையில் மோதியது. பல் ஒன்று என் கன்னத்தில் விழுந்தது. அண்ணி இன்னொரு முறையும் சுழற்றினார். அதற்குத் தேவை இருக்கவில்லை, ஆனாலும் நான் ஆட்சேபிக்கவில்லை.

நாங்கள் விழுந்த வேகத்தில் தரைப் பலகை ஒன்று பெயர்ந்து நின்றது. அதற்குக் கீழே, வயர்களுக்கு நடுவே, நீலத்துணி சுருட்டிக் கிடந்தது. அண்ணி இரண்டு விரலால் தூக்கி விரித்தார். கோட்டின் மார்பும் கைகளும் விறைத்துப்போய்ப் பழுப்பாக இருந்தன.

"வெளுக்கப் போட்ட இடம் நல்லா இருக்கு" என்றேன். பேசும்போது தொண்டை எரிந்தது.

கை விலங்கு மாட்டிய பிறகு டெஸ்டர் ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னார். கூப்பாடு எழுதியதையெல்லாம் போட்டிக் கம்பெனிக்குக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறார். "அவன் கை கழுவத்தான் போயிருந்தான். பென் டிரைவைச் செருகினேன். அதுக்கு எழுந்திருக்கிற வேலையே இல்ல, உடனே கத்திடுச்சு. தினமும் கேக்கறதுதானேன்னு வேற யாரும் கண்டுக்கல. ஸ்பீக்கரை அணைக்க மறந்துட்டேன். ஈரக் கையோட ஓடி வந்தான். முதலாளிகிட்டச் சொல்றேன்னு திரும்பினான். அடிச்சேன். ஜன்னல்ல பார்த்தா மச்சான்காரன் சைக்கிளை நிறுத்திட்டு டப்பாவைத் தூக்கறான்..."

கீழ்த்தளத்து ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு கேட்டார்கள். என்னைக் குத்திய தடியன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தக் கைகளை வெட்டிப் போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அவன் அழ ஆரம்பித்தான். அதைப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது.

இன்ஸ்பெக்டர் நெற்றியில் கைக்குட்டையை அழுத்தியபடி போனில் பேசினார். "விலங்கைக் கழட்டு. ஆமாய்யா, இப்போவே. டாக்டரைக் கூப்பிட்டு அந்தக் கையைப் பார்க்கச் சொல்லு." வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றார்.

சிக்கல் அவிழ்ந்தால் நான் ஏதாவது ஒரு ஜோக் அடிப்பது வழக்கம். அன்று வாயில் வரவில்லை. அந்தப் பெண் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"அவரும் என் குரலைக் கேட்டுத்தான் ஓடி வந்திருக்கார்" என்றாள். "தம்பியும் டப்பாவை வச்சிட்டுத் திரும்பிப் போயிருப்பான். என் குரலைக் கேட்டுத்தான் உள்ள வந்திருக்கான். ரெண்டு பேரையும் நான்தான் கூப்பிட்டிருக்கேன்க்கா."

அண்ணி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். "நல்லாக் கேட்டுக்கோ. வீட்டுக்குள்ள திருடன் வந்தா பெண்டாட்டி கூப்பிடத்தான் செய்வா. நீ கூப்பிட்டே. அவர் வந்தார். ரெண்டாம் தடவை கூப்பிட்டது நீயில்ல. உன் குரலைத் திருடிக் கூப்பிட்டவன் அதோ விலங்கோட கிடக்கறான்."

அவள் குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கேபிளில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"சுத்தும்போது புடுங்கக் கூடாதாமே. எப்படிக்கா அணைக்கறது?"

முதலாளி மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முறைப்படி அதை நிறுத்திக் காட்டினார். உறுமல் மெல்லத் தேய்ந்து அடங்கியது. அது முழுக்க அடங்கும் வரை அவள் காத்திருந்து, கேபிளைத் தானே கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"போகலாம்" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வீட்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க. உலை வைக்கணும். இத்தனை நாள் அவன்தான் டப்பா தூக்கிட்டு வந்தான். கை சரியாகிற வரைக்கும் நான் ஊட்டி விடறேன்."